கரண்டுப் பலகையும் நான் எழுதிய விதிகளும்

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், ஈ.சி.ஆர். சாலையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக உள்ளே போனால் பத்து அறைகள் கொண்ட ஒரு கடற்கரை விடுதி வரும். அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். ஆறு வருடமாக அதே நாற்காலி. அறைச் சாவி கொடுப்பது, ஏ.சி. ஓடவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவது, கடலில் இறங்குகிறவர்களைக் கண்காணிப்பது எல்லாம் என் வேலைதான். கடைசியாகச் சொன்னது என்னிடம் வந்ததற்குக் காரணம், அந்த விடுதியில் ஒழுங்காக நீந்தத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது.

சின்ன வயதில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தவள். மாநில அளவில் நீச்சலுக்குப் போயிருக்கிறேன். பத்தொன்பது வயதில் அம்மா போனதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். ஒன்பது வருடம். அவரும் போன பிறகு வீட்டை விற்றோம். தம்பி சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் மரக்காணத்தில் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் உப்பளங்களை ஒட்டிய சாலையில் ஸ்கூட்டரில் வேலைக்கு வருவேன், இருட்டுவதற்குள் திரும்பிப் போவேன். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

விடுதி முதலாளி சென்னைக்காரர். எங்கேயோ வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து, இரண்டு மின்சார அலைப் பலகைகளை வாங்கிப் போட்டார். பார்க்க சாதாரணப் பலகை மாதிரிதான் இருக்கும். அடியில் இரண்டு முழ நீளத்துக்கு அலுமினியத் தண்டு, அதன் நுனியில் விமானத்துக்கு இருப்பது போன்ற இறக்கைகள், ஒரு சின்ன மோட்டர், அதோடு சுழலும் விசிறி. பேட்டரி பலகையின் வயிற்றுக்குள். கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு விரலால் அழுத்தினால் பலகை ஓடும். வேகம் பிடித்ததும் இறக்கை தண்ணீருக்கடியில் தூக்க, பலகை கடலை விட்டு மேலே எழும்பிவிடும். நிற்கிற ஆள் தண்ணீருக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போவது போல இருக்கும். பக்கத்து மீனவக் குப்பத்தில் அதற்குக் கரண்டுப் பலகை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு பயிற்சியாளர் வந்தார். நான்கு நாள் இருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த விதிகள் இரண்டு பக்கம் கொடுத்தார். படித்துப் பார்த்தேன். பாய்மரப் படகுகளுக்கு வழி விட வேண்டும், பயணிகள் கப்பல் போகும் தடத்தில் குறுக்கே போகக் கூடாது, ஏரியின் நீர்ப்பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றெல்லாம் இருந்தது. வேறு ஏதோ ஊர்த் தண்ணீருக்கு எழுதியது. எங்கள் கடலில் பயணிகள் கப்பலும் இல்லை, பாய்மரமும் இல்லை. வலை இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தில் வலை என்ற சொல்லே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். "அதான் மேடம், நீங்களே நம்ம கடலுக்கு ஏத்த மாதிரி தமிழ்ல எழுதிடுங்க. பெரிய போர்டா அடிச்சு வெச்சிடலாம்" என்றார்.

அரசாங்கத்தில் ஏதாவது விதி இருக்கும், அதைப் பார்த்து எழுதலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். படத்தைக் காட்டினேன். போனை வாங்கி நெருக்கி வைத்துப் பார்த்தார்.

"மோட்டர் இருக்குதுங்களா?"

"இருக்குது சார்."

"அப்ப இது போட்டு. உக்கார எடம் இருக்குதா?"

"இல்ல சார், நின்னுக்கிட்டுதான் போகணும்."

"அப்ப போட்டு இல்ல." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு இன்னும் எதுவும் வரலைங்க. வந்தா சொல்றேன். அதுவரைக்கும் யார் மேலயும் இடிக்காம பாத்துக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் முதல் விதியாக எழுதினேன்.

மீதியைக் கேட்கக் குப்பத்துக்குப் போனேன். ஏலக் கூடத்து நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்துப் பக்கத்திலிருந்து வந்த பெண், கையில் நோட்டு வேறு. முதலில் யாரும் சரியாகப் பேசவில்லை. என் வயதுள்ள ஒருவர்தான், நாற்பத்தைந்து இருக்கும், நகர்ந்து இடம் விட்டு உட்காரச் சொன்னார். கழுத்தில் ஈரத் துண்டு. இனி அவரை வலைக்காரர் என்றே சொல்கிறேன்.

"எழுதிக்கம்மா. விடியறதுக்கு மின்ன வல போடுவோம். எட்டு, எட்டரைக்குத்தான் இழுத்து முடியும். அதுவரைக்கும் உங்க ஆளுங்க யாரும் எறங்கக் கூடாது. மேக்கயிறு தண்ணியோட தண்ணியா கெடக்கும். எங்க கண்ணுக்கே தெரியாது, உங்காளுக்கு எங்க தெரியப் போவுது?"

இன்னொருவர் ஆமையைச் சொன்னார். தை மாசத்திலிருந்து பங்குனி வரை முட்டை போட வரும் ஆமைகள் கரைக்குப் பக்கமாகவே மிதக்கும், அந்த விசிறி பட்டால் ஓடு பிளந்துவிடும், அந்த மாசங்களில் கரையோரம் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றார். படகு ஏறுகிற துறைக்கு முன்னால் வரக் கூடாது. நீந்துகிறவர்களுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஆரஞ்சு மிதவையைத் தாண்டக் கூடாது. நெஞ்சளவு தண்ணீருக்குள் இருக்கும்போது எழும்பக் கூடாது, இறக்கை மணலில் குத்தி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். தலைக்கவசம், மிதவைச் சட்டை, காலில் கட்டும் பாதுகாப்புக் கயிறு. எல்லாவற்றையும் எழுதினேன். ஆங்கிலத் தாளிலிருந்து ஒரே ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். யாரும் தனியாகப் போகக் கூடாது, கூட ஒருவர் தண்ணீரில் இருக்க வேண்டும், அல்லது கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

போர்டு வந்தது. நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. சவுக்குக் கம்பத்தில் கட்டினோம். அதைப் படித்த விருந்தினர்கள் குறைவு. நான் வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் ரிமோட்டைக் கையில் கொடுப்பேன்.

வார நாட்களில் விருந்தினர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். காலை எட்டரைக்கு மேல், வேலை தொடங்குவதற்குள், நானும் ஒரு சுற்றுப் போய்வரப் பழகினேன். காவலாளி பெரியவர் கரையில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பலகையைத் தூக்கி இறக்கவும் அவர்தான் கை கொடுப்பார். முதலில் குப்புறப் படுத்து, பிறகு முட்டி போட்டு, பிறகு எழுந்து நின்று. அது எழும்பும்வரை பலகை தண்ணீரில் தட்டுகிற சத்தம் காதை அடைக்கும். எழும்பியதும் சட்டென்று ஒன்றும் இருக்காது. காற்று மட்டும். உடம்பு எடை குறைந்தது போல இருக்கும். ஒன்பது வருடம் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து, புரட்டிப் படுக்கவைத்த உடம்பு இது. அந்தப் பத்து நிமிடத்தில் அதை நான் யாருக்காகவும் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கரைக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். காவலாளியிடம் சொல்வேன். "ஆவட்டும் மேடம்" என்பார்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அறைகள் எல்லாம் காலி. காவலாளி, தன் அக்காவின் பேத்திக்குக் காது குத்து என்று இரண்டு நாள் லீவில் போயிருந்தார். முந்தின இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணமொன்றும் இல்லை, அப்படி நாட்கள் வரும். விடிந்ததும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டேன். ஆறரை மணிக்கெல்லாம் விடுதியில் இருந்தேன். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. வருடத்தில் அப்படி நாலைந்து நாள்தான் கிடைக்கும்.

போர்டைத் தாண்டித்தான் போனேன். அதிலிருப்பது என் எழுத்து. எட்டரைக்கு முன்னால் இறங்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது. இரண்டும் தெரியும். பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். பேட்டரியைத் தனியாக ஒருமுறை தூக்கிக்கொண்டு போய், பிறகு பலகையைத் தள்ளுவண்டியில் வைத்து மணலில் இழுத்தேன். வியர்த்துவிட்டது.

ஆரஞ்சு மிதவை வரை போய்த் திரும்புவதாக இருந்தேன். அதைத் தாண்டிய இடத்தில் தண்ணீர் இன்னும் வழுவழுப்பாகத் தெரிந்தது. தாண்டினேன். கரை சின்னதாகிக்கொண்டே போனது. ஏதோ ஒரு நிமிடத்தில் பலகை அப்படியே நின்றுவிட, நான் மட்டும் முன்னால் பறந்து தண்ணீரில் விழுந்தேன்.

மேலே வந்து பார்த்தபோது நைலான் கயிறு விசிறியில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வலையின் மேல்கயிறு, அங்கங்கே குட்டித் தெர்மாகோல் துண்டுகள். வலைக்காரர் சொன்னது போலவே தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். விரல்தான் கிழிந்தது. கத்தி கொண்டு வரவில்லை. போன் விடுதி அலமாரியில் இருந்தது.

பலகை மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பதினாறு வயதில் என்றால் யோசிக்காமல் நீந்தியிருப்பேன். இப்போது வலது தோள் முழுதாகத் தூக்க வராது. பலகையை விட்டுப் போகக் கூடாது என்பதும் நான் எழுதியதில் உண்டு. அதை மட்டுமாவது மீறாமல் இருக்கலாம் என்று தோன்றியது. நீரோட்டம் வலையையும் என்னையும் சேர்த்து வடக்கே கொண்டுபோனது. விடுதியின் நீலத் தண்ணீர்த் தொட்டி மெதுவாக இடது பக்கம் நகர்ந்து, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

முதல் அரை மணி நேரம் பயம் இல்லை. பிறகு, என்னை யார் எப்போது தேடுவார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன். சமையற்காரர் எட்டு மணிக்கு வருவார். வெளியே என் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்து, நான் உள்ளே எங்கேயோ இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். வரவேற்பு போன் அடிக்கும், யாரும் எடுக்காவிட்டால் அடித்தவர் வேறு விடுதிக்கு அடிப்பார். முதலாளி வெள்ளிக்கிழமைதான் பேசுவார். கீழ்வீட்டுக்காரர்கள் மாடியில் நடக்கும் சத்தம் இல்லையே என்று ராத்திரி நினைக்கலாம், நினைக்காமலும் போகலாம். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். அன்றைக்குச் செவ்வாய். இப்படி ஒவ்வொருவராக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது, கடலைவிட அந்தக் கணக்குதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுதேன். அங்கே அழுவதில் ஒரு வசதி, யார் வருவார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

எட்டு மணி போல மோட்டர் சத்தம் கேட்டது. வலையை இழுத்துக்கொண்டே ஒரு பைபர் படகு என்னை நோக்கி வந்தது. இரண்டு பேர். முன்னால் நின்றவர் கழுத்தில் துண்டு. என்னை உட்காரவைத்து விதி சொன்ன அதே வலைக்காரர். பின்னால் மோட்டரைப் பிடித்திருந்தவர் அவருடைய மச்சான்.

அருகில் வந்ததும் அவர் முதலில் வலையைத்தான் பார்த்தார். பிறகு என்னை.

"இன்னாம்மா இது? எட்டரைக்கு மின்ன வரமாட்டோம்னு நீதான எழுதிக்கினு போன?"

"தப்புதாண்ணா."

"கூட வந்தவங்க எங்க?"

"யாரும் வரல. தனியாதான் வந்தேன்."

"கரையில யாரு இருக்கறாங்க?"

"யாரும் இல்லண்ணா."

கையைக் கொடுத்து என்னைப் படகில் ஏற்றினார். பலகையைச் சாய்த்து விசிறியைப் பார்த்துவிட்டு மச்சானிடம் கத்தி கேட்டார்.

"அறுக்காதீங்கண்ணா, வலை போயிடும்" என்றேன்.

"போனா போவுது. இத்த இப்டியே இழுத்துனு போனா, அந்த ரெக்க என் போட்ட கிழிச்சிடும்." சொல்லிக்கொண்டே அறுத்தார். ஒரு பாகம் வலை அப்படியே வீணாகப் போனது. அதில் மாட்டியிருந்த மீன்களை மச்சான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டார்.

தண்ணீர் கேனை என் பக்கம் தள்ளிவிட்டு, வலைக்காரர் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை எடுத்து நீட்டினார்.

"இந்தா, வூட்டுக்குப் பேசு. தேடிக்கினு இருப்பாங்க."

வாங்கிக்கொண்டேன். கவருக்கு மேலேயே எண்களை அழுத்தலாம். ஆனால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான், அது அப்பாவுடையது. தம்பியின் எண்ணைக்கூட நான் என் போனில் பெயராகத்தான் பார்த்திருக்கிறேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"வேணாண்ணா. யாரும் தேட மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "மச்சான், கரைக்கு வுடு. மீதி வலைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் நனைந்த உடையோடு விடுதிக்குள் வந்தபோது சமையற்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு நீச்சலா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. தினம் காலை ஏழு மணிக்கு உனக்கு ஒரு போன் அடிப்பேன், வராவிட்டால் நீ என்னைக் கூப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

"ஏன்க்கா, உடம்பு எதாச்சும் சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. சும்மாதான்."

"சரிக்கா."

ஒரு வாரம் நன்றாகப் பேசினான். அடுத்த வாரம், பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கிளப்பும் நேரம், அப்புறம் பேசுகிறேன் என்றான். பிறகு மெசேஜ் போட்டால் போதும் என்றான். நான் மெசேஜ் போடுவேன், அவன் கட்டைவிரல் போடுவான். ஒருநாள் வேண்டுமென்றே போடாமல் இருந்து பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்கு நானே போட்டுவிட்டேன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கு வீடு நிறைய ஆட்கள்.

முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். வலையை மாற்றிக் கொடுத்துவிடலாம், விஷயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள் என்றார். வலையை மாற்றியும் கொடுத்தார். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு குப்பத்தில் பஞ்சாயத்து கூடும்போது நானே போய் நின்றேன். நான் எழுதிய விதியை நானே மீறினேன் என்று சொன்னேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, இந்தப் பலகையே நம் பக்கம் வேண்டாம் என்று சத்தம் போட்டார். வலைக்காரர்தான் பதில் சொன்னார்.

"இவங்கள வாணாம்னு தொரத்தினா நாளைக்கு வேற எவனாச்சும் கொண்டாருவான். அவன் வந்து நம்மளக் கேப்பானா? இவங்க கேட்டாங்க. தப்பையும் வந்து சொல்றாங்க."

கடைசியில் நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு என்று மாறியது. எந்தப் பலகை இறங்கினாலும் அதற்கு முன்னால் குப்பத்துக்கு ஒரு போன் அடிக்க வேண்டும், வலைக் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். பலகையில் ஒரு கத்தி கட்டியிருக்க வேண்டும். கரையில் ஆள் நின்றால் மட்டும் போதாது, தண்ணீரில் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அது விடுதியின் ஆளுக்கும் பொருந்தும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

வெளியே வரும்போது வலைக்காரரின் மனைவி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"ஏம்மா, அவ்ளோ காலையில அத்த எடுத்துக்கினு ஏன் போன? வூட்ல தூக்கம் வர்லியா?"

திட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "கடல் நல்லா இருந்திச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

அதன் பிறகு நான் பலகையில் ஏறவில்லை. விருந்தினர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள், கணவன் மனைவி, நண்பர்கள், அண்ணன் தம்பி. நான் பைனாகுலரோடு கரையில் நிற்பேன். என்னோடு இரண்டாவது ஆளாக வர யாரும் இல்லை. காவலாளிக்கு முழங்கால் தண்ணீரே பயம்.

போன தை மாதம் ஒருவர் தனியாக அறை எடுத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரட்டைக் கட்டில் அறை, மூன்று நாள். முதல் நாள் சாப்பிடும் மேசையில் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் காலை என்னிடம் வந்தார்.

"அந்த போர்டு நான் ஓட்டுவேங்க. கோவாவுல கத்துக்கிட்டேன். எடுக்கலாமா?"

"ரெண்டு பேரா இருந்தாத்தான் சார் குடுக்க முடியும். விதி அப்படி."

"நான் தனியாத்தான் வந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே, "பரவாயில்லைங்க, விதின்னா விதிதானே" என்று நகரப் பார்த்தார்.

"இருங்க சார்" என்றேன். "நான் வர்றேன்."

குப்பத்துக்குப் போன் அடித்தேன். வலைக்காரர் எடுத்தார். வலை தெற்கே இருக்கிறது, வடக்குப் பக்கம் போங்க என்றார். "எத்தினி பேரு?" என்று கேட்டார். "ரெண்டு பேருண்ணா. ஒண்ணு நான்." "போய்ட்டு வாம்மா. வந்ததும் ஒரு போன் அடி" என்றார்.

ஓட்டுகிறவர்களுக்கு நடுவிலும் ஐம்பது மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு வருடம் கழித்துப் பலகை எனக்கடியில் எழும்பியது. பேச முடியாத தூரம். அவர் திரும்பினால் நானும் திரும்பினேன், அவர் விழுந்தால் நான் நின்று, அவர் தலை மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை நான் விழுந்தேன். மேலே வந்தபோது அவர் தூரத்தில் பலகை மேல் முட்டி போட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறேன் என்று நானும் கையைத் தூக்கினேன். அரை மணி நேரம் அப்படியே போனது. கரைக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது அவர் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீராக இருக்கலாம்.

"என் மிஸஸுக்குத்தான் இதுல ரொம்ப ஆசை" என்றார். காபி கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவில்லை.

அன்று கரையேறியதும் வலைக்காரருக்குப் போன் அடித்து, வந்துட்டோம்ணா என்று சொன்னேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

தனியாக வருகிறவர்கள் பலகை கேட்டால் இப்போது நான் கூடப் போகிறேன். முதலாளிக்குத் தெரியும், தடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் அதிகம் வருவதில்லை. இந்த வருடம் இதுவரை இரண்டு பேர் வந்தார்கள்.